செயின் லாக் முதல் சேற்றுப் பாதை வரை: வீட்டில் பைக் பராமரிப்பு, நண்பர்களோடு ஆஃப்ரோடு

ஐந்து பேர் கிளம்பினோம். தார் ரோடு முடிந்து மண் பாதையில் ஏறி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் வண்டி உறுமியது, நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் செயின் இருபது அடி பின்னால் புழுதியில் கிடக்கிறது. முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பளபளவென்று வைத்திருந்தேன். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று: செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக். சுண்டுவிரல் நகம் அளவுள்ள அந்த மீன் வடிவக் கிளிப்பின் மூடிய தலை, செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். நான் பிளந்த வாலை முன்னால் வைத்து மாட்டியிருந்தேன். ஏதோ ஒரு குச்சி தட்டிக் கழற்றிவிட்டது. ஒருவரிடமும் மாற்று லாக் இல்லை. என் வண்டியைத் தள்ளிக்கொண்டும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டும் தார் ரோட்டுக்குத் திரும்பியதில் மற்ற நால்வரின் ஞாயிற்றுக்கிழமையும் போனது. யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஐந்து வண்டி சேர்ந்து போனால், ஐந்தில் மோசமாகப் பராமரித்த வண்டி எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு தூரம்தான் அந்தப் பயணம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வீட்டில் நடக்கும் வேலைதான். ஓட்டும் கதை பின்னால் வரும். 150 முதல் 450 சிசி வரையுள்ள ஒற்றை சிலிண்டர் வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்கும் முன்

வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். செயின் எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும், எந்த ஆயில் எவ்வளவு, எந்த நட்டுக்கு எவ்வளவு முறுக்கு, எல்லாம் அதில் இருக்கிறது. நான் தரும் எண்கள் பொதுவானவை. கையேடு வேறு சொன்னால் அதுவே சரி.

கருவி நிறைய வேண்டாம். 8, 10, 12, 14, 17 மி.மீ. ரிங் ஸ்பானர்கள், ஆலன் கீ ஒரு செட், நல்ல ஸ்குரூ டிரைவர் இரண்டு, பிளக் ஸ்பானர், பின் சக்கர ஆக்சில் நட்டுக்கு அளவான பெரிய ஸ்பானர் ஒன்று. இவை இருந்தால் கீழே சொல்லும் எல்லா வேலையும் முடியும். இறுகிப் போன நட்டுக்கு எப்போதும் ரிங் ஸ்பானர்தான். அது நட்டின் ஆறு முனையையும் பிடிக்கும். வாய் திறந்த ஸ்பானர் இரண்டு பக்கம் மட்டும் பிடித்து, வழுக்கி, முனையைத் தேய்த்துவிடும். காசு மிச்சம் இருந்தால், எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். எஞ்சினின் அலுமினிய உடலில் இரும்பு போல்ட்டை ஆத்திரத்தோடு முறுக்கினால் மரை போய்விடும். மரை போன ஆயில் போல்ட்டை வைத்துக்கொண்டு விழிப்பதைவிட ரெஞ்ச் மலிவு.

அப்புறம், வண்டியைக் கழுவுங்கள். கழுவுவதே பாதிச் சோதனை. சேறு போன பிறகுதான் ஃப்ரேமில் விரிசலும் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் கசிவும் காணாமல் போன போல்ட்டும் தெரியும். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் சக்கர பேரிங், ஹேண்டில் பாரின் கழுத்து, ஏர் ஃபில்டர் பெட்டி, மின் இணைப்புகள் ஆகியவற்றுக்கு நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். சீல் தடுக்கும் தண்ணீரையும் அந்த அழுத்தம் உள்ளே தள்ளிவிடும்.

ஏர் ஃபில்டர்

தார் ரோட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சர்வீஸில் பார்க்கிற சமாச்சாரம். மண்ணில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டியது. நண்பனின் பின்னால் அவன் கிளப்பும் புழுதியிலேயே நாள் முழுக்க ஓட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். நுண்ணிய மணல் எஞ்சினுக்குள் போய் ஆயிலோடு கலந்தால் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல ஆகிவிடும். வண்டி புகைவிடத் தொடங்கி, ஆயில் குடிக்கத் தொடங்கிய பிறகு ஃபில்டரைத் துடைத்துப் பயனில்லை.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். பஞ்சு ஃபில்டர் என்றால் கழுவலாம். பெட்ரோலில் கழுவாதீர்கள், பஞ்சின் ஒட்டுகள் பிரியும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. மண்ணெண்ணெயிலோ அதற்கென்று விற்கும் திரவத்திலோ அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். துணியைப் போல முறுக்கிப் பிழியக் கூடாது, கிழியும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு ஃபில்டர் ஆயில் விட்டு, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பிசையுங்கள். பஞ்சு முழுக்க ஒரே நிறம் வரும் வரை பிசைந்தால் ஆயில் சீராகப் பரவிவிட்டது என்று அர்த்தம். திட்டுத்திட்டாக வெளுப்பு தெரிந்தால் அந்த இடத்தில் புழுதி உள்ளே போகும்.

காகித ஃபில்டர் என்றால் கழுவவே கூடாது. உலர்ந்த வகையை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான காற்றால் ஊதலாம். தொழிற்சாலையிலேயே ஆயில் தடவி வரும் காகித ஃபில்டரை ஊதவும் வேண்டாம், அழுக்கானால் மாற்றிவிடுங்கள்.

ஃபில்டரைக் கழற்றியபோது இன்னொன்றும் செய்யுங்கள். ஃபில்டருக்குப் பிறகு எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் ஒரு சுற்று தடவுங்கள். துணி சுத்தமாக வந்தால் நிம்மதி. பழுப்புக் கோடு விழுந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது எங்கோ ரப்பர் வெடித்திருக்கிறது. பஞ்சு ஃபில்டரின் விளிம்பில் மெல்லியதாக கிரீஸ் தடவி உட்கார வைத்தால் இந்தக் கசிவு பெரும்பாலும் நின்றுவிடும்.

செயின்

நான் அவமானப்பட்ட இடம் என்பதால் இதில் கொஞ்சம் நிதானிக்கிறேன்.

செயினைச் சுத்தம் செய்யும்போது எஞ்சினை ஓடவிட்டுத் துணியைப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டவே வேண்டாம். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போகும். விரல் துண்டாகும் விபத்து இப்படித்தான் நடக்கிறது. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓ-ரிங் செயின் என்றால் மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்தக் குட்டி ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். வளையம் கெட்டால் கண்ணிக்குள் அடைத்து வைத்திருக்கும் கிரீஸ் வெளியேறி, செயின் சீக்கிரம் நீண்டுவிடும். துடைத்த பிறகு எண்ணெயை வெளிப்பக்கத்தில் ஊற்றாமல், செயினின் உள்பக்கமாக, பல்சக்கரத்தில் படும் பக்கத்தில் விடுங்கள். சுற்றும்போது அது தானாக வெளியே பரவும். ஓட்டி முடித்துச் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது விட்டால் நன்றாக உள்ளே இறங்கும். பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுங்கள்; ஈரமாக விட்டால் மணல் ஒட்டும்.

இனி தளர்வு. மண்ணில் ஓட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு, செயினை இறுக்கமாக வைப்பது. பின் சக்கரம் குழியில் இறங்கி ஷாக் அமுங்கும்போது, எஞ்சின் பக்கப் பல்சக்கரம், பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் ஒரு கணம் உண்டு. அப்போதுதான் இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே தூரம் அதிகம். வண்டி சும்மா நிற்கும்போதே செயின் விறைப்பாக இருந்தால், அந்தக் கணத்தில் அது இழுபட்டு கியர்பாக்ஸ் பேரிங்கைப் பதம் பார்க்கும், இல்லை அறுந்துவிடும். தளர்வு என்பது கீழ்ப்பக்கச் செயினின் நடுவை விரலால் தள்ளினால் அது மேலும் கீழும் ஆடும் தூரம். சாதாரண ரோடு வண்டிகளில் 25 முதல் 35 மி.மீ. வரை சொல்வார்கள். நீளமான ஷாக் உள்ள வண்டிகளில் 35 முதல் 50 மி.மீ. வரைகூடப் போகும். பார்க்கத் தொளதொளவென்று இருக்கும்; இருக்கட்டும்.

சரி செய்யும் முறை:

1. சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள். தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அதிகம் இறுகும் இடத்தில் வைத்துத்தான் அளவு சரிசெய்ய வேண்டும்.

2. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாக, இரண்டு பக்கமும் சமமாகத் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாக ஓடும்.

3. ஒரு துணியைச் சுருட்டி, செயினுக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவே வைத்து, சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிச் சிக்க வையுங்கள். சக்கரம் முன்னால் இழுபட்டு அட்ஜஸ்டரோடு அழுந்தி நிற்கும். அந்த நிலையில் ஆக்சில் நட்டை இறுக்கினால் அளவு நகராது. பிறகு துணியை எடுத்துவிட்டு இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

4. ஆக்சில் நட்டு கழலாமல் குறுக்கே மாட்டும் காட்டர் பின் இருந்தால் பழையதை நிமிர்த்திப் போடாமல் புதிது போடுங்கள். பின் பிரேக் டிரம் வகை என்றால் சக்கரம் நகர்ந்ததில் பிரேக் அளவும் மாறியிருக்கும், அதையும் சரிபாருங்கள்.

5. கடைசியாகச் செயின் லாக்கைப் பாருங்கள். மூடிய பக்கம் ஓடும் திசையில். மாற்று லாக் ஒன்று பையில்.

பின் பல்சக்கரத்தின் பின்பக்க நடுவில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல் பாதி தெரியும் அளவுக்குச் செயின் எழும்பி வந்தால் ஆயுள் முடிந்தது. பற்கள் கொக்கி போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் அப்படியே. செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் புதுசும் வேகமாகத் தேயும்.

ஆயில்

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆயில் சூடேறிய பிறகு வடியுங்கள். கசடும் சேர்ந்து வரும். கையைச் சுட்டுக்கொள்ளாத அளவு சூடு. வடித்த பிறகு போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று எண்களை மட்டும் பார்த்தால் போதாது, பைக் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து கிடக்கின்றன. காருக்கான ஆயில்கள் பலவற்றில் வழுக்கலைக் கூட்டும் சேர்மானங்கள் உண்டு. அதை ஊற்றினால் ஏற்றத்தில் எஞ்சின் அலறும், கிளட்ச் வழுக்கும், வண்டி ஏறாது. அளவு பார்க்கும்போது வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்து, குறைவு என்று நினைத்து மேலே மேலே ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய ஆயிலை மண்ணில் கொட்டாதீர்கள். டப்பாவில் பிடித்து, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள்.

டயர், டியூப், கம்பி

மண்ணில் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும், கல்லில் துள்ளாது. ரோட்டுக்கு 28 முதல் 33 பிஎஸ்ஐ வரை வைத்திருப்பீர்கள். டியூப் டயரில் மண் பாதைக்கு 18 முதல் 22 வரை இறக்கலாம். கல் அதிகம் என்றால் 22 பக்கம், மணல் என்றால் 18 பக்கம். அதற்கும் கீழே போனால், கூர்மையான கல்லில் ஏறும்போது டயர் ரிம் வரை நசுங்கி, நடுவே மாட்டிய டியூபில் பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். காற்று குறைவாக இருக்கும்போது டயர் ரிம்மைச் சுற்றி நழுவவும் செய்யும்; டியூபும் கூடவே நழுவி வால்வு சாயும். அதனால் வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே தூக்கி, மூடியோடு சேர்த்து வையுங்கள். வால்வு சாய்ந்திருப்பது பார்த்தவுடன் தெரியும், அறுந்து போகும் முன் சரிசெய்யலாம். காற்றடிக்கும் பம்ப் இல்லாமல் காற்றை இறக்க வேண்டாம். திரும்பி வரும்போது தார் ரோட்டில் அந்தக் காற்றோடு வேகமாகப் போக முடியாது.

கம்பிச் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்குரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போங்கள். இறுகிய கம்பி ‘டிங்’ என்று ஒலிக்கும். தளர்ந்தது ‘டப்’ என்று மந்தமாக. காது இரண்டு சுற்றில் பழகிவிடும். தளர்ந்ததைக் கால் சுற்று இறுக்குங்கள், மறுபடி தட்டுங்கள். ஒரே கம்பியை ஒரேயடியாக இறுக்கினால் ரிம் கோணும்.

மிச்ச வேலைகள்

பிரேக் பேட் 1.5 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள்; சேற்றில் பேட் கரையும் வேகம் ரோட்டில் பழகியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பிரேக் ஃப்ளூயிட் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி லீவர் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிளட்ச் லீவரின் முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆடும் இடம் இருக்க வேண்டும். கேபிள் முனையில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் புதிது போடுங்கள்.

லீவர்களைப் பிடித்திருக்கும் கிளாம்பை ஹேண்டில் பாரில் முழு பலத்தோடு இறுக்காதீர்கள். ஓட்டும்போது நகரக் கூடாது, கையால் பலமாகத் தட்டினால் திரும்ப வேண்டும். விழும்போது லீவர் சுழன்று தப்பிக்கும். இறுக்கி வைத்தால் ஒடியும்.

போல்ட்டுகளுக்கு எனக்குப் பிடித்த தந்திரம் பெயின்ட் பேனா. சரியாக இறுக்கிய பிறகு நட்டின் தலையிலிருந்து வண்டியின் உடல் வரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை ஸ்பானரே எடுக்க வேண்டாம். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. சைலன்சர், ஃபுட்ரெஸ்ட், பின் பல்சக்கரம், ஹேண்டில் பார் கிளாம்ப், கேரியர் ஆகிய இடங்கள்தான் அதிகம் ஆடும். அடிக்கடி ஆடுவதற்கு, மரையில் விடும் பசையான த்ரெட்லாக், நீல நிறத்தில் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற நெருப்பு காட்ட வேண்டி வரும்.

கிளம்பும் முந்தைய நாள்

ஐந்து பேரும் ஐந்து டூல் கிட் சுமக்க வேண்டியதில்லை. பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஸ்பானர்கள், ஒருவரிடம் பம்ப்பும் பஞ்சர் சாமானும் டயர் லீவர்களும், ஒருவரிடம் முதலுதவிப் பெட்டி, ஒருவரிடம் இழுக்கும் கயிறு. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம் உள்ள வண்டி என்றால் 21 அங்குல டியூப் ஒன்று போதும். ஆபத்துக்கு அதைப் பின் சக்கரத்திலும் திணித்து வீடு வந்து சேரலாம். ஆனால் செயின் லாக், கிளட்ச் கேபிள், லீவர், ஸ்பார்க் பிளக் ஆகியவை வண்டிக்கு வண்டி மாறும். அவரவர் அவரவருடையதைத்தான் சுமக்க வேண்டும். இவற்றோடு கேபிள் டை ஒரு கட்டு, இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி கொஞ்சம். வழியில் நடக்கும் ரிப்பேர்களில் பாதி இந்த மூன்றால்தான்.

பெட்ரோல் கணக்கைச் சின்ன டேங்க் வைத்திருப்பவரை வைத்துப் போடுங்கள். மணலிலும் சேற்றிலும் வண்டி அதிகம் குடிக்கும். ரோட்டில் கிடைக்கும் மைலேஜில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் நான் கணக்கிடுவேன். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்று வராத ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போகும் இடம் யாருடையது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விதைத்த நிலம், அனுமதி இல்லாத காடு இரண்டுக்குள்ளும் சக்கரம் இறங்கக் கூடாது. நாம் ஒரு முறை திமிரோடு போய்விட்டு வந்தால், அடுத்து வருபவர்களுக்கு அந்தப் பாதையே அடைபடும்.

ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, முழங்கால் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ். இதில் எதையும் ‘இன்னிக்கு மட்டும்’ என்று விட்டுவிட்டு வராதீர்கள். மண்ணில் காலில் அடிபடுவது சகஜம். விழும் வண்டிக்கு அடியில் முதலில் மாட்டுவது கணுக்கால்.

கூட்டமாகப் போகும் விதம்

நான்கு முதல் ஆறு பேர் நல்ல எண்ணிக்கை. இரண்டு பேர் என்றால் ஒருவர் விழும்போது மற்றவர் அவரோடு இருப்பதா, உதவிக்கு ஓடுவதா என்று குழம்ப வேண்டியிருக்கும். எட்டைத் தாண்டினால் நாள் முழுக்கக் காத்திருப்பதிலேயே போகும்.

வழி தெரிந்தவர் முன்னால். நன்றாக ஓட்டத் தெரிந்து, நிதானமும் உள்ளவர் கடைசியில்; ஸ்பானர் பை அவரிடம். புதியவரைக் கடைசியில் விடாதீர்கள், முன்னால் போகிறவருக்கு அடுத்து இரண்டாவதாக வையுங்கள். அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். முன்னால் போகிறவரின் தடத்தைப் பார்த்து அவர் கற்றுக்கொள்வார், துரத்தப்படும் பயமும் இருக்காது.

வழி பிரியும் இடத்தில் ஒரே விதி போதும்: இரண்டாவதாக வருபவர் அங்கே நின்று, கடைசி ஆள் வரும் வரை கை காட்ட வேண்டும். கடைசி ஆளைப் பார்த்த பிறகுதான் நகர வேண்டும். புதியவரே இரண்டாவது என்றால் அவருக்கு அடுத்தவர் நிற்கட்டும். இது சரியாக நடந்தால் செல்போன் சிக்னலே இல்லாத இடத்திலும் யாரும் தொலைய மாட்டார்கள். இடையில் ஒருவர் ‘அவன் வந்துகிட்டுதான் இருந்தான்’ என்று நகர்ந்துவிட்டால் மொத்தமும் கெட்டுப்போகும். இடைவெளியைப் புழுதி முடிவு செய்யட்டும்: முன்வண்டியின் புழுதி அடங்கி, பாதை தெரியும் தூரத்தில் போங்கள்.

ஓட்டும் விதம்

முதலில் ஒரு காலி மைதானத்தில் எழுந்து நின்று ஓட்டப் பழகுங்கள். ஃபுட்ரெஸ்ட்டில் பாதத்தின் முன்பகுதியை வைத்து, முழங்கால் லேசாக மடிந்து, தொடையாலும் முழங்காலாலும் டேங்கைப் பிடித்து, முழங்கைகளை வெளியே விரித்து நில்லுங்கள். ஹேண்டில் பாரைக் கையால் தொங்கிப் பிடிக்கக் கூடாது. பிடியைச் சோதிக்க எளிய வழி: விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லை என்றால் கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்துகொண்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும், அப்புறம் கிளட்ச் பிடிக்கக்கூட வராது.

பார்வை எப்போதும் பதினைந்து, இருபது மீட்டர் தள்ளி இருக்கட்டும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். ஒரு கல்லைத் தவிர்க்க நினைத்து அதையே பார்த்துக்கொண்டு போய் அதன் மீதே ஏற்றிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

வளைவில் ரோட்டுப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். தளர்ந்த மண்ணில் வண்டி மட்டும் சாய வேண்டும். உடம்பு நிமிர்ந்து, எடை வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் இறங்க வேண்டும். முன் பிரேக்கைக் கண்டு பயப்படாதீர்கள், ஆனால் வண்டி நேராக இருக்கும்போது மட்டும், ஒன்றிரண்டு விரலால். வளைந்துகொண்டே முன் பிரேக் பிடித்தால் அடுத்த கணம் தரையில் இருப்பீர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைப் பின் சக்கரத்துக்கு அணைக்கும் வசதி இருந்தால் மண்ணில் அணைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் சாவியைத் திருப்பி மறுபடி போட்டால் அது திரும்ப வந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

மணலில் எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். முன் சக்கரம் பாம்பு போல ஆடும், ஆடட்டும். பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் முன் சக்கரம் புதைந்து ஆளைத் தூக்கிப் போடும்.

இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியர், கிளட்சைத் தொடாமல், இடுப்பு பின்னால்.

ஏற்றம்தான் பலரைத் தோற்கடிக்கும். அடியிலேயே கியரையும் வேகத்தையும் முடிவு செய்து, உடம்பை முன்னால் சாய்த்து, ஒரே சீராக ஏறுங்கள். பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்காதீர்கள். கை தானாக அதற்குத்தான் போகும், அங்கேதான் விபத்து. சரிவில் எடை முழுக்கப் பின் சக்கரத்தில் இருப்பதால் முன் பிரேக் மட்டும் வண்டியை நிறுத்தாது, முன் சக்கரம் சறுக்கும். எஞ்சின் நின்று, கியர் விழுந்து, கிளட்ச் லீவரைப் பிடிக்காமல் விட்டிருந்தால் பின் சக்கரமே பூட்டுப் போட்டதுபோல நிற்கும். மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியின் மேட்டுப் பக்கமாக இறங்கி, முன் பிரேக்கோடு கிளட்ச் லீவரைத் துளித்துளியாகப் பிடித்துப் பிடித்து விட்டு, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, வண்டியைச் சரிவுக்குக் குறுக்காகக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து இறங்குவது சுலபம். மேலே ஏறிய நண்பர் இறங்கி வந்து உதவ வேண்டும், வீடியோ எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

தண்ணீரும் விழுந்த வண்டியும்

ஓடையைக் கடக்கும் முன் ஒருவர் நடந்து கடக்க வேண்டும். நடந்து கடக்க முடியாததை வண்டியில் கடக்க முடியாது. சக்கரத்தின் நடு அச்சு வரை என்றால் நிதானமாகப் போகலாம். அதற்கு மேல், அதுவும் ஓட்டம் உள்ள தண்ணீர் என்றால் வேறு வழி தேடுங்கள். முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், பார்வை எதிர்க்கரையில். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள்.

தண்ணீருக்குள் வண்டி விழுந்துவிட்டால் உடனே எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச். கரைக்கு இழுத்த பிறகு, தயவுசெய்து, ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முதலில் வண்டியைப் பின் சக்கரத்தில் நிமிர்த்தி சைலன்சரை வடியுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பெட்டியை உலர்த்துங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சாவியை அணைத்தபடியே, மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். முகத்தைத் தள்ளி வையுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் அதன் கிண்ணத்தையும் வடியுங்கள். பிறகு எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் வெளுத்து, பால் கலந்ததுபோல இருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது, கயிற்றுக்கு வேலை வந்துவிட்டது.

மனிதர் விழுந்தால் முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள், அப்புறம் அவர். கழுத்து வலிக்கிறது என்றாலோ கை கால் மரத்தது என்றாலோ நகர்த்தாதீர்கள்; மூச்சுக்குத் தடை இல்லாத வரை ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். ரத்தம் வழிந்தால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். தலை பலமாக அடிபட்டிருந்தால், ‘ஒண்ணும் இல்லை, ஓட்டுறேன்’ என்று அவர் சொன்னாலும் அன்றைய ஓட்டம் அவருக்கு முடிந்தது. மருத்துவரிடம் போக வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் வாக்குவாதம் வராது.

வீடு திரும்பிய பிறகு

தார் ரோட்டில் ஏறியதும் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இரண்டு வேலை: செயின் சூடாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் விடுவது, வழியில் கேட்ட புதுச் சத்தங்களை எழுதி வைப்பது. காலையில் மறந்துவிடும். சேற்றை மறுநாள் கழுவலாம், ஃபில்டரையும் மறுநாள் எடுக்கலாம்.

நான் ஒரு பழைய நோட்டில் எழுதுகிறேன். போன பயணத்தின் பக்கத்தில் மூன்றே வரி: “கிளட்ச் கேபிள், லீவர் பக்கம் ஒரு இழை பிரிந்திருக்கிறது. முன் சக்கரம், வால்விலிருந்து இடப்பக்கம் நான்காவது கம்பி ‘டப்’. செயின் லாக் சரி.”

அடுத்த பயணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. கேபிள் வாங்கியாகிவிட்டது.